பழவேற்காட்டுக்கு ஆள் பிடிக்கப் போனேன்

மே மாதம் கல்லூரி ஆசிரியர்களுக்கு விடுமுறை என்று நினைப்பவர்கள் தனியார் கல்லூரியில் வேலை பார்க்காதவர்கள். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்கள் கையில் ஒரு பெயர்ப் பட்டியலையும் ஒரு கட்டு நோட்டீஸையும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள். அலுவலகக் குறிப்பில் இதற்கு 'மக்கள் தொடர்புப் பணி' என்று பெயர். ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்வது 'ஆள் பிடிப்பது'. ஆளுக்கு ஐந்து மாணவர்களைப் பிடிக்க வேண்டும். விலங்கியல் துறையில் மிச்சமிருக்கும் ஒரே ஆசிரியை நான். போன ஆண்டு எங்கள் துறையில் முதலாண்டுக்கு ஒருவரும் சேரவில்லை. இந்த ஆண்டும் அப்படியே ஆனால் துறையை மூடிவிடுவோம் என்று முதல்வர் சொல்லியிருந்தார். மூடிய பிறகு நான் எங்கே போய் உட்காருவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் வணிகவியல் துறைக்காரர்கள் முன்பே பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல்வர் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீங்கள்தான் இறாலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் ஆயிற்றே, இறால் இருக்கும் ஊருக்கே போய் வாருங்கள் என்றார். மஞ்சளும் நெல்லும் விளையும் ஊரில் பிறந்து, வாய்க்காலைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைத்திராத நான் பழவேற்காட்டு ஏரிக்குப் போன காரணம் இதுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறு ஆண்டுகள் நான் ஆராய்ச்சி செய்த இறால்கள் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் பண்ணையிலிருந்து வந்தவை. கண்ணாடித் தொட்டியில், குழல் விளக்கின் கீழ் வாழ்ந்தவை. இறால் வாழும் ஏரியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

முதல் நாள் பொன்னேரியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேரும், ஆறு பேருடைய அன்னக்கூடைகளும் இருந்தன. என் நோட்டீஸ் கட்டுக்கு மடியில் இடமில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் அன்போடு வாங்கித் தன் கூடைமேல் வைத்துக்கொண்டார். திருப்பாலைவனம் தாண்டும்போதுதான் கூடைக்குள் இருப்பது ஐஸ் என்றும், அது உருகிக்கொண்டிருக்கிறது என்றும் தெரிந்தது. 'பல்கலைக்கழகக் கல்வியால் மாணவர்கள் பெறும் பத்துப் பயன்கள்' என்று வழவழப்பான தாளில் அச்சடித்த நோட்டீஸ் அது. மேலிருந்த பாதி நனைந்து ஒட்டிக்கொண்டது. "தோ, வெயில்ல வச்சா காஞ்சிடும், கருவாடே காயுது" என்றார் அந்த அம்மாள். இறங்கியதும் நனைந்த தாள்களைப் பேருந்து நிறுத்தத்துத் திண்ணையில் பரப்பிக் காயவைத்தேன்.

என் பட்டியலில் பழவேற்காட்டுப் பக்கம் மூன்று பெயர்கள். முதல் பெண்ணுக்குப் போன மாதம் திருமணம் ஆகிவிட்டது. இரண்டாவது பையன் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஆரம்பாக்கத்தில் தங்கியிருந்தான். மிச்சம் தோணிரேவு என்ற ஊரின் எஸ்தர். உயிரியலில் நல்ல மதிப்பெண். வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் ஏரியில் இருக்கிறார்கள் என்று ஒருவர் கை காட்டினார்.

கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் அதற்கு இரண்டு கரை உண்டு. இங்கே எதிர்க்கரை கண்ணுக்கே எட்டவில்லை. மார்பளவுத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். எஸ்தருடைய அம்மா பாக்கியம் யார் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார். சரி, கூட்டம் தானாகவே கூடியிருக்கிறது என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கரையில் நின்றபடி பத்துப் பயன்களையும் சத்தமாக விளக்கினேன். வேலைவாய்ப்பு, தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி, எதையும் விடவில்லை. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. பதினான்கு ஆண்டுப் பணியில் இவ்வளவு அமைதியான வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

அவர்கள் கரையேறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொருவரும் ஒரு பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்படும் இறாலை அந்தக் கூடைக்குள் போட வேண்டும். வாயைத் திறந்தால் கூடை போய்விடும். அதற்குப் 'பறி' என்று பெயர். தலையைத் தூக்கிப் பார்த்தவர்தான் பாக்கியம். என் வயதுதான் இருக்கும். பறியை இறக்கிவிட்டு, தாடையை இரண்டு முறை அசைத்து, காதிலிருந்த தண்ணீரைத் தட்டினார்.

"இன்னா சொன்ன?" என்றார்.

மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது பயனிலேயே நிறுத்தி, முதலில் சாப்பிடலாம் வா என்று வீட்டுக்கு அழைத்துப் போனார்.

மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, சோறு. குழம்பில் ஒரு துண்டு மாங்காய் கிடந்தது. கொள்ளுப் பருப்பிலும் அரிசிம்பருப்பு சாதத்திலும் வளர்ந்த எனக்கு முள் எடுக்கத் தெரியவில்லை. எஸ்தர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஒல்லியான பெண். வெயிலில் கறுத்த மூக்கு நுனி. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அண்ணன் டேனியல் வாசலோரம் உட்கார்ந்து போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். இயந்திரப் பொறியியல் படித்தவன். அப்பா சாமுவேல் வலையோடு போயிருந்தார், சாயங்காலம்தான் வருவாராம்.

நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் இருந்ததைப் பார்த்து, நான் டாக்டர் என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். பாக்கியம் உடனே முழங்கையை நீட்டி, இங்கே வலிக்கிறது என்றார். நான் மருந்து டாக்டர் இல்லை, இறாலில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் என்றேன். அவர் முழங்கையை மடக்கிக்கொண்டார்.

"அப்போ எறாக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ பாப்பியா?"

"இல்லீங்க அக்கா. இறாலைப் பத்திப் படிக்கறதுங்க."

"எத்தினி வருசம்?"

"ஆறு வருசமுங்க."

"எத்தினி புடிச்ச?"

ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றேன். கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தட்டில் இருந்த வெள்ளை இறாலைக் காட்டி அதன் விஞ்ஞானப் பெயர் பீனேயஸ் இண்டிகஸ் என்று சொன்னேன். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பாக்கியம் அதைத் தெலுங்கு என்று நினைத்துக்கொண்டார். அங்கேயெல்லாம் அப்படித்தான் சொல்வார்களா என்று டேனியலைக் கேட்டார். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவர் முகம் மாறியது. மகளை அனுப்ப முடியாது என்று நிதானமாகச் சொன்னார். ஐந்து ஆண்டுக்கு முன்னால் இதேபோல் ஒரு வாத்தியார், இதேபோல் ஒரு நோட்டீஸோடு வந்தாராம். இதே இடத்தில் உட்கார்ந்து, இதே குழம்பைச் சாப்பிட்டு, டேனியலைச் சேர்த்துக்கொண்டு போனாராம். நான்கு ஆண்டு படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு வேலையும் இல்லை, ஏரியில் இறங்கவும் வெட்கம்.

"நடுவுல நிக்கிறான். இதுவும் அந்த மாரி நின்னா நான் இன்னா பண்றது? ஒன் நோட்டீஸ்ல இருக்கறத சொல்லாத. எம் பொண்ணுக்கு மெய்யாலுமே இன்னா கெடைக்கும்னு சொல்லு, அனுப்பறேன்."

பதினான்கு ஆண்டாக வகுப்பெடுப்பவள் நான். பத்துப் பயன்களில் ஒன்றையாவது அந்த வீட்டுக்குள் வைத்துச் சொல்ல முடியுமா என்று மனதுக்குள் தேடினேன். என் முழியைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு பந்தயம் வைத்தார். நாளைக் காலையில் நானும் அவர்களோடு ஏரியில் இறங்க வேண்டும். பத்து இறால் பிடித்துவிட்டால், நான் எவ்வளவு நேரம் பேசினாலும் உட்கார்ந்து கேட்பார். பிடிக்காவிட்டால் நான் ஊருக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையில் இரண்டு வடை வாங்கினேன். கடைக்காரர் கட்டித் தந்த தாள் வழவழவென்று இருந்தது. பிரித்தால் நான்காம் பயன். 'ஆளுமை வளர்ச்சி' என்ற எழுத்துக்களின் மேல் எண்ணெய் பரவியிருந்தது. நேற்று நான் காயவைத்துவிட்டு வந்த நோட்டீஸ்கள் இரவோடு இரவாக இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தன.

ஏரியில் இறங்க எஸ்தர் எனக்கு அவள் அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையும் ஒரு ஜோடி காலுறையும் கொடுத்தாள். சிப்பி கிழிக்காமல் இருக்கக் காலுறை. பாக்கியம் தன்னிடமிருந்த ஒரு பறியை என் வாயில் மாட்டிவிட்டார். மற்ற பெண்கள் வேலைக்கு வந்ததையே மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது குளிர்ந்தது, மார்புக்கு வந்தபோது பயமாக இருந்தது. கீழே சேறு, வெண்ணெய் மாதிரி வழுக்கியது. குனிந்து இரண்டு கையையும் சேற்றின் மேல் பரப்பி மெதுவாக நகர்ந்தேன். விரல் நுனியில் மீசை மாதிரி ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. அழுத்துவதற்குள் போய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் நான் பிடித்தது ஒரு காலிச் சிப்பியும் யாரோ தொலைத்த ஒரு செருப்பும்.

எஸ்தர் தன் பறியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அம்மாவுக்கு அது பிடிக்காது, வாய் சும்மா இருந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் கை நின்றுவிடும் என்பது அவர் கட்சி. பேச்சு வரத்தான் செய்தது. எஸ்தர் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, கேள்விகளைத் தொடங்கினாள். இறால் பகலில் ஏன் சேற்றில் ஒளிகிறது? மேலே வெளிச்சம் இருப்பது சேற்றுக்குள் இருக்கும் அதற்கு எப்படித் தெரியும்? என் வாயில் பறி. "ம்ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியவில்லை. வகுப்பில் நான் கேள்வி கேட்டு மாணவர்கள் பேசாமல் நிற்பதுதான் வழக்கம். அந்த நிலைமை எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அமாவாசை, பௌர்ணமி வந்தா சட்ட உரிச்ச எறா ஜாஸ்தி வருது மேடம். கைல புடிச்சா மெத்து மெத்துனு இருக்கும். நாலு வருசமா நோட்டு போட்டு எழுதிக்கினு வரேன். அம்மாவ கேட்டா, உரிக்குது, அவ்ளோதான்னுது. ஸ்கூல்ல கேட்டா, பாடத்துல இல்லனுட்டாங்க."

நான் நின்றுவிட்டேன். இறால் தோலுரிப்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு. உப்பு கூடினால் எத்தனை நாளில் உரிக்கும், தீவனம் குறைந்தால் எத்தனை நாளில் உரிக்கும் என்று முன்னூறு பக்கம் எழுதியிருக்கிறேன். அதைத் தலையை ஆட்டியும் கையால் தொட்டி போலக் காட்டியும் எப்படியோ அவளுக்குத் தெரிவித்தேன். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"ஒங்க தொட்டிக்கு நெலா தெரியுமா மேடம்?"

தெரியாது. ஆறு ஆண்டும் இருபத்து நான்கு மணி நேரமும் குழல் விளக்கு. வாய்மொழித் தேர்வில் என்னைக் கேள்வி கேட்ட இரண்டு பேராசிரியர்களுக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மார்பளவுத் தண்ணீரில், வாயில் கூடையோடு, என் முன்னூறு பக்கமும் மெல்ல நனைவதை உணர்ந்தேன். ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், வருத்தமாக இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு என் பாடத்தின்மேல் எனக்கு ஆசை வந்தது.

அந்த ஆசையிலோ என்னவோ, இறால் ஆபத்து வந்தால் பின்பக்கமாகத் தாவும் என்பது ஞாபகம் வந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி. கிச்சுக்கிச்சு மூட்டிய இடத்துக்குப் பின்னால் இன்னொரு கையைக் குவித்து வைத்தேன். உள்ளங்கைக்குள் துடித்தது. ஒன்று. பிறகு இரண்டு, மூன்று. பாக்கியம் பார்த்துவிட்டார். வாயிலிருந்து பறியை எடுத்துவிட்டு, பின்னால் கை வைக்க யார் சொல்லிக் கொடுத்தது என்றார். புத்தகம் என்று சைகையால் காட்டினேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறோம், இதற்கு எதற்குப் புத்தகம் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

ஆறு வரை வந்தது. ஏழாவது என்று நினைத்துக் கையை மூடினேன். அது நண்டு. வலது சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. "அய்யோ" என்று நான் கத்திய கத்தலில் தூரத்தில் நின்ற பூநாரைகள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டன. வாய் திறந்ததும் பறி நழுவிக் கவிழ்ந்தது. எஸ்தர் பாய்ந்து பிடித்தாள். உள்ளே நான்குதான் மிச்சம்.

கரையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். டேனியல் தூக்குச்சட்டியில் டீ கொண்டு வந்திருந்தான். பாக்கியம் என் பறியைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினார். "நாலு. பத்துக்கு நாலு. கெளம்பு" என்றார்.

நான் விடவில்லை. பத்துக்கு நான்கு என்றால் நூற்றுக்கு நாற்பது. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. எங்கள் பல்கலைக்கழகத்தில் நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஆகவே நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று வாதாடினேன்.

"இப்பிடி பாஸ் பண்ணித்தான் எம் புள்ள வந்து நிக்கறான்" என்றார் பாக்கியம். எல்லாரும் சிரித்தார்கள். டேனியலும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்து முடித்த பாக்கியம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சரி, சொல்லு, என்றார்.

சொன்னேன். வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று தொடங்கினேன். எனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன் என்றேன். விடுதியில் எனக்கு வாய்த்த அறையில் மூன்று பெண்கள். ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி ராமநாதபுரம். சொந்தக்காரர் அல்லாதவர்களோடு சண்டை போட்டுச் சமாதானமாகவும் முடியும் என்பதை அங்கேதான் கற்றேன். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் எழுந்து எனக்கு இது புரியவில்லை என்று சொல்ல எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. சொன்ன பிறகுதான் தெரிந்தது, மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் புரியவில்லை என்று. பதினெட்டு வயதில் நிச்சயமாகவிருந்த கல்யாணம் பரீட்சையைக் காட்டித் தள்ளிப் போனது. தள்ளிப் போன காலத்தில் எனக்கு எது வேண்டும் என்று யோசிக்க நேரம் கிடைத்தது.

"உங்க பொண்ணு நாலு வருசமா ஒரு கேள்விய நோட்டுல வச்சுட்டு இருக்குதுங்க அக்கா. அதுக்கு எனக்கே பதில் தெரியலீங்க. அந்தக் கேள்விய எடுத்துட்டுப் போயி ஒருத்தர்கிட்டக் கேட்டா, அவரு பாடத்துல இல்லன்னு சொல்லாம, வா, பாக்கலாம்னு சொல்லோணும். அப்பிடி ஒரு எடம் வேணுமுங்க. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரிஞ்சது."

பாக்கியம் மகளைப் பார்த்தார். எஸ்தர் என்னைப் பார்த்து, மிகவும் சாதாரணமாக அடுத்த கேள்வியைக் கேட்டாள். என் கல்லூரியில் அப்படி ஒரு இடம் இருக்கிறதா, இறால் வளர்க்கத் தொட்டி இருக்கிறதா.

ஒரு பொய் என் வாயருகே வந்து நின்றது. இருக்கிறது கண்ணு என்று ஒரு வார்த்தை. என் துறை பிழைக்கும், என் நாற்காலி பிழைக்கும். அந்தப் பெண் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று என் தட்டிலிருந்து முள்ளை எடுத்ததைவிட நிதானமாக இப்போது பதிலுக்குக் காத்திருந்தாள்.

இல்லை என்றேன். இரண்டு ஆண்டுக்கு முன்னால் ஆய்வகத்தைக் காலி செய்து, நோட்டீஸ் கட்டுகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் இப்போது கணினி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். நீ எங்கள் கல்லூரிக்கு வந்தால் எனக்கு நல்லது, உனக்கு நல்லதில்லை. சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் நல்ல விலங்கியல் துறை இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் போடு. நாளைதான் கடைசி நாள்.

"அப்போ ஒன் வேல?" என்றார் பாக்கியம்.

தெரியவில்லை என்றேன். அவர் என் விரலைப் பிடித்து நண்டு கடித்த இடத்தைப் பார்த்தார். மஞ்சளை அரைத்து வைக்கச் சொன்னார். மஞ்சள் ஊர்க்காரியான எனக்கு மஞ்சள் வைத்தியம் சொல்ல இங்கே ஒருவர்.

மூன்றாம் நாள் காலை பொன்னேரிக்குக் கிளம்பினோம். அங்கேதான் விண்ணப்பம் போடும் கணினி மையம். நான், எஸ்தர், டேனியல், பாக்கியம் நால்வரும். சாமுவேலும் வருவதாக இருந்தார். கடைசி நிமிடத்தில், அலுவலகம் என்றால் தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார். போகும்போது மகளின் தலையில் கை வைத்து, நைனா இங்கியே இருக்கேன், நீ போய்ட்டு வா என்றார்.

திருப்பாலைவனத்துக்கு அருகே பேருந்து ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், நடத்துநர் இறங்கிப் பார்த்தார். அடுத்த பேருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. பாக்கியம் மகனைப் பார்த்து, நீ இன்ஜினியர்தானே, போய்ப் பார் என்றார். டேனியல் போய் இன்ஜினை நேர்மையாகப் பார்த்தான். திரும்பி வந்து, நாலு வருடத்தில் இன்ஜினைப் படத்தில்தான் காட்டினார்கள், மூடியைத் திறந்து காட்டிய முதல் ஆள் இந்த ஓட்டுநர்தான் என்றான். பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் ஐஸ் இறக்கிவிட்டுப் பொன்னேரிக்குத் திரும்பிய ஒரு மீன் வண்டி எங்களை ஏற்றிக்கொண்டது. பின்னால், காலி ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் உடுத்தியிருந்த புடவை முழுக்க மீன் வாசனை ஏறிவிட்டது. அப்போதுதான் டேனியல் போனை என் பக்கம் திருப்பினான். அதில் என் கல்லூரியைப் பற்றி அவன் சேர்த்து வைத்திருந்த தகவல்கள். எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், பழைய மாணவர்கள் மூன்று பேரோடு பேசிக் குறித்துக்கொண்டது. முதல் நாள் வாசலோரம் அவன் தேய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"லேப் இல்லன்னு மொத நாளே தெரியும் மேடம்," என்றான். "நீங்க சொல்றீங்களான்னு பாத்துகினு இருந்தேன். பொய் சொல்லியிருந்தா அம்மாகிட்ட காட்டியிருப்பேன்."

எனக்கு முதுகு சில்லிட்டது. அதில் ஐஸ் பெட்டிக்குப் பங்கு பாதிதான். சென்னைக் கல்லூரியைப் பற்றியும் இரவிலேயே விசாரித்துவிட்டானாம். அங்கே முதலாண்டுப் பெண் ஒருத்தியிடம் பேசி, விடுதிச் சாப்பாடு சுமார், ஆய்வகம் நன்றாக இருக்கிறது, ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்கள் என்று கேட்டு வைத்திருந்தான். இவ்வளவும் உனக்கு எப்படித் தெரிந்தது என்று பாக்கியம் கேட்டார்.

"எனக்கு யாரும் கேக்க சொல்லித் தரலம்மா. ஏமாந்தப்புறம் இன்னான்னா கேட்டிருக்கணும்னு யோசிச்சேன். நாலு வருசமும் அதத்தான் படிச்சேன்."

வண்டி குலுங்கிக்கொண்டே போனது. பாக்கியம் மகனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் நடுவில் நிற்கிறான் என்று அவர் அதற்குப் பிறகு சொல்லி நான் கேட்கவில்லை.

கணினி மையத்தில் ஐம்பது பேர் வரிசை. எங்களுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் எங்கள் வாசனையை முன்னிட்டுக் கொஞ்சம் விலகி நின்றதால் காற்றோட்டமாக இருந்தது. எந்தச் சான்றிதழை எப்படிப் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்று டேனியலே எல்லாம் பார்த்துக்கொண்டான். இரண்டு முறை பக்கம் உறைந்து நின்றது. மூன்றாம் முறை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வெளியே வந்து நால்வரும் பரோட்டா சாப்பிட்டோம். பரோட்டாவில் எடுக்க முள் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பாக்கியம் கிளம்பும்போது, அடுத்த தடவை வந்தால் பத்தும் பிடிக்கும் வரை கரையேற விட மாட்டேன் என்றார்.

முதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஊர் திரும்பும் ரயிலில் இருந்தேன். எத்தனை பேர் என்றார். ஒரு பெண் விலங்கியலுக்கு விண்ணப்பித்துவிட்டாள் என்றேன். அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. எந்தக் கல்லூரியில் என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஒழுங்கீனம் என்பதால் நானும் சொல்லவில்லை. கோபி போய்ச் சேர்ந்த மறுநாள் நேரில் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்பதை எழுதினால் இது பயணக் கட்டுரையாக இருக்காது.

எஸ்தருக்கு இடம் கிடைத்தது. எங்கள் துறையை மூடிவிட்டார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆளுமை வளர்ச்சி வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். போடுவதற்கு முன்னால் இரண்டைப் பற்றியும் டேனியலை விசாரிக்கச் சொன்னேன். ஒன்று வேண்டாம் என்றான்.

கல்லூரி திறந்து இரண்டாவது வாரம் எஸ்தர் கூப்பிட்டாள். அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர், இதற்கு எனக்குப் பதில் தெரியாது, இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நூலகத்தில் போய்த் தேடு என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது பரிசு வாங்கியவள் மாதிரி அவளுக்கு மூச்சு வாங்கியது. நேராக நூலகத்துக்குப் போய், எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று நூலகரிடம் கேட்டிருக்கிறாள்.

என்ன சொன்னார்கள் என்றேன்.

"அவருக்குத் தெரியல மேடம். இது வரிக்கும் யாரும் கேட்டதில்லயாம். எழுந்து போய் வாசல்ல இருக்கற போர்ட பாத்துட்டு வந்து சொன்னாரு."